ஃபார்மட் அடிக்காத வைத்தியம்

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் நடக்கும் பேச்சு கால் நூற்றாண்டாக மாறவே இல்லை.

"என்ன தம்பி பண்ணுது?"

"ரொம்ப ஸ்லோவா இருக்குண்ணே. அப்பப்ப அப்படியே நின்னுபோகுது."

"முக்கியமான ஃபைல் எதுவும் இருக்கா? இல்லைன்னா வச்சுட்டுப் போங்க. ஃபார்மட் அடிச்சு ஓ.எஸ். போட்டு வைக்கிறேன், சாயந்தரமா வாங்க."

மதுரை டவுன் ஹால் ரோட்டிலும் இதே பேச்சுதான். திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டிக் கடைகளிலும் இதே பேச்சுதான். வைரஸா, டிரைவர் தகராறா, ஹார்ட் டிஸ்க் தேய்ந்துவிட்டதா, மின்சாரம் செய்த வேலையா என்று யாரும் துருவுவதில்லை. தலைவலி என்று வந்தவருக்கு மொட்டை அடித்து அனுப்பும் வைத்தியம் இது. கடைக்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. காரணத்தைத் தேடினால் மூன்று மணி நேரம் பிடிக்கலாம்; அந்த மூன்று மணி நேரத்துக்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளர் தயாராக இல்லை. ஃபார்மட்டுக்கு ஊர் முழுக்க ஒரு விலை உண்டு, முடியும் நேரமும் தெரியும். சி.டி. காலத்தில், பேனாவால் சீரியல் நம்பர் எழுதிய விண்டோஸ் வட்டு மேஜை டிராயரில் எப்போதும் கிடக்கும்.

லினக்ஸ் என்ற இயங்குதளம் வேறொரு பழக்கத்தோடு வந்தது. மெஷினைப் போட்டதும், தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் கறுப்புத் திரையில் வரிவரியாக எழுதிக் காட்டியது. எந்தப் படியில் சறுக்கியது என்பது அந்த வரிகளிலேயே இருக்கும். திரையில் தவறவிட்டால் பதிவுக் கோப்புகளில் இருக்கும். அமைப்புகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்புகள். ஒரு வரியைத் திருத்திப் பார்க்கலாம், சரிப்படவில்லை என்றால் பழையபடி வைத்துவிடலாம். காரணத்தைத் தேட வழி இருந்தது. தேடும் ஆளுக்குத்தான் பஞ்சம். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளியிலும் லினக்ஸ் எங்கே தங்கியது, எங்கே வந்த வழியே போனது என்று பார்த்தால், அந்த ஆள் எங்கே இருந்தார் என்ற கணக்கும் கூடவே வருகிறது.

தபாலில் வந்த சி.டி.

ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தது 1983-ல். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவான தன் கெர்னலை அறிவித்தது 1991 ஆகஸ்டில். இரண்டும் சேர்ந்த சரக்கு நம் ஊர்களுக்கு இணையம் வழியாக வரவில்லை. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான், அதுவும் முதலில் பெருநகரங்களில். அன்றைய 28.8 கே மோடத்தில் ஒரு சி.டி. அளவுக்கு இறக்க வேண்டுமென்றால், தொலைபேசி இணைப்பு ஒரு நொடிகூட அறுபடாமல் இருந்தாலும் இரண்டு நாளுக்கு மேல் ஆகும்.

ஆகவே லினக்ஸ் பத்திரிகையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பி.சி. குவெஸ்ட் இதழ் 1996-லிருந்தே லினக்ஸ் சி.டி.யை இணைப்பாகக் கொடுத்தது. 2003-ல் தொடங்கிய லினக்ஸ் ஃபார் யூ, மாதம் ஒரு வட்டு தந்தது. 2004-ல் உபுண்டு வந்த பிறகு கதை இன்னும் சுலபம். இணையத்தில் முகவரியைப் பதிந்தால் ஐரோப்பாவிலிருந்து அட்டை உறையில் சி.டி. வீடு தேடி வரும், ஒரு பைசா செலவில்லை. 2011 ஏப்ரலில் அந்த ஏற்பாடு நிறுத்தப்படும் வரை, பொறியியல் கல்லூரி விடுதிகளுக்கு வெளிநாட்டுத் தபாலைக் கொண்டுவந்து சேர்த்ததில் அந்த உறைக்கு நல்ல பங்கு உண்டு.

சி.டி. வந்தது. போட்டதும் முதல் முட்டு மோடத்தில். அசெம்பிள் செய்த மெஷின்களில் மலிவான உள் மோடம் இருக்கும். உண்மையில் அது பாதி மோடம்தான். மீதி வேலையை விண்டோஸ் டிரைவர் கணினியின் செயலியை வைத்துச் செய்துகொள்ளும். லினக்ஸில் அந்த டிரைவர் இல்லை என்றால் அட்டை வெறும் அட்டை. டிரைவரைத் தேட இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். பெரும்பாலோர் பிரவுசிங் சென்டருக்குப் போய் ஃபிளாப்பியில் இறக்கிக்கொண்டு வந்து போட்டுப் பார்த்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள், சீரியல் போர்ட்டில் செருகும் வெளி மோடமாக வாங்கினார்கள்.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. மோடமும் கணினியும் ஈதர்நெட் கம்பியால் பேசிக்கொண்டால் போதும், தனி டிரைவர் வேண்டாம். ஆனால் கம்பி போகாத ஊர்களுக்கு யு.எஸ்.பி. டேட்டா கார்டு வந்தபோது அதே கதை வேறு வேஷத்தில் திரும்பியது. செருகியதும் அந்தக் கார்டு தன்னை ஒரு சி.டி. டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும், உள்ளே விண்டோஸ் மென்பொருளைக் காட்டும். "நீ சி.டி. இல்லை, மோடம்" என்று அதற்கு ஒரு கட்டளை அனுப்பினால்தான் வேஷம் கலையும். இதற்கென்றே ஒரு சின்ன நிரல் எழுதப்பட்டுப் பல லினக்ஸ் வழங்கல்களில் சேர்ந்தது.

நேரம் தப்பிய கடிகாரம்

ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்துக்கொண்டவர்கள் சீக்கிரமே ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்னால் நிற்கும். காலை பத்து மணிக்கு, அதிகாலை நாலரை என்று காட்டும். முதல் சந்தேகம் மதர்போர்டிலுள்ள பேட்டரி மீது விழும்; கடைக்குப் போனால் பேட்டரியை மாற்றியும் கொடுப்பார்கள். கோளாறு அதில் இல்லை. மதர்போர்டுக் கடிகாரத்தில் உலகப் பொதுநேரம் இருப்பதாக லினக்ஸ் நினைக்கும்; உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் நினைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக இந்திய நேரத்தின் ஐந்தரை மணி. அன்றைய டெபியன் வகை லினக்ஸ்களில் ஒரு கோப்பைத் திறந்து, பொதுநேரமா என்ற வரியில் 'யெஸ்' என்பதை 'நோ' ஆக்கினால் தீர்ந்தது. புது பேட்டரிக்கு வேலையே இல்லை.

கடிகாரத்தைவிடக் கடுமையான சோதனையைக் கொடுத்தது மின்சாரம். கரண்ட் சட்டென்று போய்த் திரும்பும்போது, ஈ.எக்ஸ்.டி.2 கோப்பு முறையில் ஓடிய பழைய லினக்ஸ் உடனே எழுந்திருக்காது. வட்டு முழுவதையும் சோதிக்கத் தொடங்கும். அதிகம் கெட்டுப்போயிருந்தால் பாதியில் நின்று, "ரூட் கடவுச்சொல்லைக் கொடு, சோதனையைக் கையால் ஓட்டு" என்று கேட்கும். அங்கே பயந்து ரீசெட் பட்டனை அழுத்தியவருக்கு மேலும் சேதம். பொறுமையாக ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒய்' அடித்தவருக்கு மெஷின் திரும்பக் கிடைத்தது. அறுந்துபோன கோப்புத் துண்டுகள் 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற அடைவில் பெயர் போய் வெறும் எண்களாகக் கிடக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து, எது கடிதம், எது கணக்கு என்று பிரிக்க வேண்டும்.

2001 இறுதியில் ஈ.எக்ஸ்.டி.3 வந்தது. செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்துவிட்டுச் செய்வதால், கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பைப் பார்த்துச் சில நொடிகளில் சரிசெய்துகொள்ளும். இந்த அருமை தமிழ்நாட்டுக்கு 2012-ல் முழுதாகப் புரிந்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில், சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கும் மேலான நேரம் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. இன்வெர்ட்டர் வியாபாரம் கொழித்தது. யு.பி.எஸ். பேட்டரி சார்ஜ் ஏற நேரமில்லாமல் செத்தது. கணினி ஒரே நாளில் நாலைந்து முறை விழுந்து எழுந்தது.

திரையில் தமிழ்

மெஷின் ஓடினால் மட்டும் போதாது, தமிழ் தெரிய வேண்டும். 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு கணக்கில் இருந்தன. ஒரு கடையில் அடித்தது இன்னொரு கடையில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இணையத்தில் இருந்த தமிழர்கள் கூடிப் பேசி டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு தமிழ் 99 விசைப்பலகைக்கு வழி செய்தது.

மதுரையின் பெயர் இந்தக் கதையில் சுவிட்சர்லாந்து வழியாக நுழைகிறது. லோசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில், 1998 பொங்கல் நாளில் தொடங்கிய தன்னார்வ முயற்சிக்கு மதுரைத் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். சங்கம் இருந்த ஊர் என்பதால் அந்தப் பெயர். பல நாடுகளில் இருந்தவர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புப் பார்த்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் வைத்தார்கள். முதலில் டிஸ்கியில், பிறகு யூனிகோடில். குறியீடு பொதுவானதாக இருந்ததால், எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பாமல் லினக்ஸ்காரரும் அதைப் படிக்க முடிந்தது.

லினக்ஸின் கே.டி.ஈ. மேசைச்சூழலைத் தமிழாக்கும் வேலையைத் தன்னார்வலர்கள் 2000 வாக்கில் டிஸ்கியில்தான் தொடங்கினார்கள். கே.டி.ஈ.க்கு அடிப்படையான கியூட்டி நூலகத்தில் டிஸ்கியைப் புரிந்துகொள்ளும் பகுதியின் பெரும்பாலான நிரலை எழுதியவர் ஹான்ஸ் பெட்டர் பீக்கர் என்ற நார்வேக்காரர். துக்காராம் கோபால்ராவ் போன்றோர் உரிமைத்தடை இல்லாத எழுத்துருக்களைத் தந்தார்கள். டெபியனின் தமிழ் எழுத்துருத் தொகுப்பில் பரணர், கல்யாணி, மதுரம் என்று பெயர் தாங்கியவை இன்றும் இருக்கின்றன. வேண்டிய எழுத்துருவை வீட்டு அடைவிலுள்ள, புள்ளியில் தொடங்கும் மறைவுக் கோப்புறைக்குள் போட்டு, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்க ஒரு கட்டளை கொடுத்தால் போதும்.

பிறகு யூனிகோடு வந்தது. அதோடு புள்ளி வட்டமும் வந்தது. 'கொ' என்பதை யூனிகோடு, க-வை முதலில் வைத்து, உயிர்க்குறியை அதன் பின் வைத்துச் சேமிக்கும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னுக்கு இழுத்து, காலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்யும் பகுதி இல்லாத மென்பொருளில் கொம்பு இடம் மாறி, ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஃபயர்ஃபாக்ஸ் 1.5, 2 காலத்தில் லினக்ஸில் தமிழ்ப் பக்கங்கள் இப்படித்தான் சிதறின. உலாவியைத் திறக்கும் முன் 'மோஸ் எனேபிள் பாங்கோ' என்ற மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் எழுத்துகள் ஒழுங்காகும். தமிழ் படிக்க விரும்பிய லினக்ஸ்காரர்களிடையே இந்த ஒரு வரி மந்திரம் போலச் சுற்றியது. 2008 ஜூனில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3 அதைத் தேவையற்றதாக்கியது.

டி.டி.பி. கடைகளை மட்டும் இது எதுவும் அசைக்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், சிவகாசி அச்சகத்துக்குப் போகும் காலண்டர் வாசகம் எல்லாம் பேஜ்மேக்கரில், அந்தந்தக் கடையின் பழைய எழுத்துருவில் இருந்தன. அரசு அலுவலகக் கோப்புகளில் வானவில் ஔவையார். லினக்ஸில் திறந்தால் ஒரு சொல்கூடத் தேறாது. தட்டச்சுப் பள்ளியில் லோயர், ஹையர் பாஸ் செய்து வந்தவர்களின் விரலும் ஒத்துழைக்கவில்லை. டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்துப் பழகிய கை அது. அந்த விரல் பழக்கத்துக்கும் ஏற்ற உள்ளீட்டு முறை லினக்ஸில் பின்னால் வந்தது, ஆனால் கடைக்காரர் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் மேஜையில் லினக்ஸோடு சண்டை போடாத பொருள் ஒன்றே ஒன்று: டக்டக்கென்று சத்தமிடும் டி.வி.எஸ். கோல்டு கீபோர்டு. 1911-ல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பத்தின் மின்னணு நிறுவனம் செய்த அந்தக் கீபோர்டுக்கு எந்த டிரைவரும் வேண்டியிருக்கவில்லை.

மேலூரும் தேனியும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-ல் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் டெனெட் குழு, எம்.ஐ.டி. ஊடக ஆய்வகம், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் மையம், என்-லோக் நிறுவனம் ஆகியவை சேர்ந்து கிராமங்களில் இணைய நிலையங்களைத் திறந்தன. சாரி என்பது திட்டத்தின் பெயர். அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லாத் தொலைபேசி வழியாக, நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகத்தில் இணைப்பு வந்தது. சில நிலையங்களை உள்ளூர்க்காரர்கள் கடன் வாங்கி நடத்தினார்கள். சிலவற்றை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தான் அறக்கட்டளை நடத்தியது. கணினிப் பயிற்சி, சான்றிதழ் விண்ணப்பம், ஃபோட்டோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையோடு பேச்சு என்று ஒவ்வொரு நிலையமும் பல வேலை செய்தது. வெப் கேமராவில் கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பியதும் அங்கேதான்.

கிராமத்துக் கணினி கெட்டால் சென்னையிலிருந்து ஆள் வர முடியாது என்பது என்-லோக்குக்குத் தெரிந்திருந்தது. ஆகவே மேலே என்-லோக், வட்டாரத்துக்கு ஒரு உள்ளூர் சேவையாளர், அவருக்குக் கீழே நிலையங்கள் என்று மூன்றடுக்காக அமைத்தார்கள். அமைப்பு நல்ல அமைப்புதான். ஆனால் வருமானம் போதாமல் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடின. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் மின்னாளுகைச் சேவைகளும் நின்றன. மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் இருவரும் இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே தோல்வி என்ற சொல் இருந்தது.

கண் மருத்துவமனை மட்டும் அந்த அனுபவத்தைக் கைவிடவில்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த், சமவெளி மேற்கே மலையில் முட்டும் தேனிப் பக்கத்தில் சிறு கண் மையங்களைத் திறந்தது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் இருப்பார். மருத்துவர் தேனி மருத்துவமனையில் இருந்தபடி வீடியோவில் நோயாளியோடு பேசுவார். அதற்குத் தொலைபேசிக் கம்பியின் வேகம் பத்தாது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவரின் டையர் குழு ஒரு வழி வைத்திருந்தது: வீட்டுக்குள் நூறு மீட்டருக்குப் பயன்படும் வைஃபையை, கோபுரத்திலிருந்து கோபுரத்துக்குப் பல கிலோமீட்டர் தள்ளுவது. 2006-ல் தேனியைச் சுற்றி ஐந்து மையங்கள் இப்படி இணைந்திருந்தன.

ஒவ்வொரு முனையிலும் இருந்த ரவுட்டருக்குள் ஓடியது லினக்ஸ். 266 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும், ஒற்றை அட்டையிலான சின்னக் கணினி. ஹார்ட் டிஸ்க் கிடையாது, கேமராவில் போடும் வகை ஃபிளாஷ் கார்டில் லினக்ஸ். வைஃபையின் இயல்பான விதிப்படி, ஒரு பொட்டலத்தை அனுப்பியதும் "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்கு மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் தாமதமாகும். தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி மறுபடி அனுப்பி நேரத்தை வீணாக்கும். பெர்க்லிக்காரர்கள் அந்த விதியைக் கழற்றிவிட்டு, இரு முனைகளும் முறைவைத்துப் பேசும்படி மாற்றினார்கள். டிரைவரின் நிரலைத் திறந்து திருத்த முடியாத அமைப்பாக இருந்தால் இது நடந்திருக்காது.

அசல் பாடம் அதன் பிறகு வந்தது. சோனேஷ் சுரானா, ரபின் பத்ரா, பிரூவர் முதலியோர் 2008-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை கிட்டத்தட்ட ஒரு பழுது நாட்குறிப்பு. கோளாறுகளில் மிகப் பெரும்பான்மைக்குக் காரணம் கிராமத்து மின்சாரத்தின் தரம். 230 வோல்ட் என்று பெயருக்குச் சொல்லப்படுவது சில நேரம் தரையைத் தொடும், சில நேரம் துள்ளிக் குதிக்கும். அடாப்டர்கள் எரிந்தன. மின்சாரம் தள்ளாடும்போது ஃபிளாஷ் கார்டில் எழுதினால் கார்டு கெட்டது. ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி மாற்று வைத்தார்கள். இயங்குதளம் இருக்கும் பகுதியை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் என்று பூட்டினார்கள். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ரவுட்டர் பாதி உயிரோடு தடுமாறாமல் முழுதாக அணைந்துவிடும்படி மின்வெட்டுச் சுற்று வைத்தார்கள். மெஷின் உறைந்தால் தானே தன்னை மறுபடி துவக்கிக்கொள்ள ஒரு காவல் கடிகாரம்.

மையத்துப் பணியாளருக்கு, கெட்டது கம்பியா, ரவுட்டரா, மேஜைக் கணினியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எதுவானாலும் "நெட் வரலை". ஆகவே ரவுட்டரையே பேச வைத்தார்கள். அது தன் நிலையை அமெரிக்காவிலிருந்த சர்வருக்கு அவ்வப்போது அனுப்பும். வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாத இணைப்பு என்பதால், உள்ளிருந்து வெளியே ஒரு சுரங்கத்தைத் திறந்து, பெர்க்லியில் இருப்பவர் அதன் வழியே நுழைந்து பார்க்க வழிவிடும். நாளடைவில் அந்த ஏற்பாட்டின் மதிப்பு வேறு விதமாக மாறியது. அரவிந்தின் சொந்தப் பணியாளர்களே ரவுட்டரைக் கோக்கவும், கோபுரத்தில் ஏற்றி ஆண்டெனாவை நேர் பார்க்கவும், கோளாறைப் பிரித்தறியவும் கற்றுக்கொண்டார்கள். இதற்கென்று சம்பளத்தில் ஆள் வைக்க மருத்துவமனையால் முடிந்தது. மேலூர் நிலையத்துக்காரருக்கு அது கட்டுப்படியாகவில்லை.

அரசு லேப்டாப்

அரசு பக்கமிருந்து லினக்ஸ் இரண்டு அலைகளில் வந்தது. 2006-07 வாக்கில் சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆஃபிஸுக்கும் மாற்றியது. 2007 ஜனவரியில் மத்திய அரசின் சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை வெளியிட்டது. மேல்நிலைப் பள்ளிக் கணினிப் பாடத்தில் அதற்கு முன்பே ஸ்டார் ஆஃபிஸ் இருந்தது.

இரண்டாவது அலை பெரியது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய, மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதலில் வந்த மெஷின்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அதுவரை கணினியே நுழையாத வீடுகளுக்கு லினக்ஸ் சொல்லாமல் கொள்ளாமல் போய்ச் சேர்ந்தது. மெஷினைப் போட்டதும் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும். பாடம் விண்டோஸில், சினிமா விண்டோஸில், பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரிந்ததும் விண்டோஸ். பட்டியலின் அடுத்த வரிக்கு விரல் போவது அபூர்வம்.

வைரஸ் ஏறி மெஷின் படுத்ததும் கடைக்குப் போகும். அங்கே விண்டோஸைப் புதிதாக ஏற்றுவார்கள். அது வட்டின் தலைப்பகுதியில் தன் துவக்கியை எழுதும்போது, அங்கே இருந்த லினக்ஸின் குரப் துவக்கி அழிந்துவிடும். லினக்ஸ் வட்டில் அப்படியே இருக்கும். ஆனால் அதற்குள் போகும் வாசல் இருக்காது. நிறுவாமலே ஓடும் லைவ் சி.டி.யில் மெஷினைத் திறந்து, லினக்ஸ் இருக்கும் பிரிவை ஏற்றி, குரப்பை மறுபடி நிறுவினால் பத்து நிமிட வேலை. அதைக் கேட்டு வாங்கும் வாடிக்கையாளர் இல்லாததால் கடைகளும் செய்யவில்லை. வட்டில் இடம் போதவில்லை என்று வந்தபோது அந்தப் பிரிவையும் அழித்து டி டிரைவோடு சேர்த்தார்கள். பின்னால் வந்த ஆண்டுகளில் கல்லூரி நண்பர்களிடம் கற்றுக்கொண்டு திரும்ப லினக்ஸ் போட்டவர்களும் உண்டு. அவர்கள் போட்டது பெரும்பாலும் உபுண்டு அல்லது மின்ட்.

2014 ஏப்ரல் 8-ல் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கான ஆதரவை நிறுத்தியது. அதையொட்டி, பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளிடம் சொன்னது. 2018-19-ல் வந்த புதிய பாடத்திட்டத்தின் 11-ஆம் வகுப்பு நூலில் விண்டோஸோடு உபுண்டுவும் பாடமானது. படிப்பதற்குத் தமிழில் சரக்கும் சேர்ந்தது. த. சீனிவாசனின் முயற்சியில் 2012-ல் தொடங்கிய கணியம் இதழ், கட்டளை வரியிலிருந்து தமிழ் உள்ளீடு வரை எளிய தமிழில் எழுதியது. ஆங்கில மன்றங்களில் தேடத் தயங்கிய மாணவருக்கு அது கை கொடுத்தது.

ஜெராக்ஸ் கடைகள் லினக்ஸுக்கு மாறாததற்கு ஒரு குறிப்பிட்ட காரணம் உண்டு. தமிழ்நாட்டு ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் தென்படும் கேனன் எல்.பி.பி. 2900 லேசர் பிரிண்டர், கேப்ட் என்ற தன் சொந்த மொழியில்தான் பேசும். லினக்ஸுக்கு அந்த நிறுவனம் கொடுத்த டிரைவர் 32 பிட் காலத்தது. பின்னணியில் ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அது நின்றால் அச்சு நின்றது. வாசலில் ஆதார் நகலுக்கு நாலு பேர் நிற்கும்போது எந்தக் கடைக்காரரும் பதிவுக் கோப்பைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார். எச்.பி. நிறுவனம் தன் டிரைவரைத் திறந்த மூலமாகவே வெளியிட்டதால், அதன் பல பிரிண்டர்கள் செருகியதும் வேலை செய்தன.

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும். 2018-க்கு முன் பள்ளிகளில் கொடுத்த மடிக்கணினிகள் அந்தக் கணக்கில் வராது. அவற்றில் சுழலும் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, எக்ஸ்.எஃப்.சி.ஈ. போன்ற லேசான மேசைச்சூழலோடு லினக்ஸ் ஏற்றினால் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். தமிழ் எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ் 99-ஐயும் டைப்ரைட்டர் முறையையும் உள்ளீட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். கரண்ட் போய் வந்தாலும் கோப்புகள் பெரும்பாலும் அலுங்காமல் இருக்கும். பிரிண்டர் மட்டும் இன்னும் மாடலைப் பொறுத்தது. அதை வாங்கப் போகும்போது லைவ் லினக்ஸ் உள்ள ஒரு பென் டிரைவை எடுத்துக்கொண்டு போய், கடையிலேயே செருகி ஒரு பக்கம் அச்சடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பவர்கள் உண்டு.